குளிரை எண்ணும் செடிகள்

பெப்ரவரி மாதத்து ரொறன்ரோவில் தமிழர் வீடுகளுக்கிடையே நடக்கும் தொலைபேசிப் பேச்சில், பிள்ளைகளின் படிப்பும் பனி வழித்த கதையும் முடிந்தபின் ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"அக்கா, உங்கட கறிவேப்பிலை எப்படி நிக்குது?"

"எங்க நிக்கிறது? இலை முழுக்கக் கொட்டிப்போச்சு. தடி மட்டும்தான் மிச்சம். எறிஞ்சு போடுவமோ எண்டு பாக்கிறன்."

எறிய வேண்டாம். தண்டின் பட்டையைப் பெருவிரல் நகத்தால் ஒரு நெல்மணி அளவுக்குச் சுரண்டிப் பார்க்க வேண்டும். அடியில் ஈரப் பச்சை தெரிந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கபில நிறமாகக் காய்ந்து கிடந்தால் இன்னும் கீழே, மண்ணை ஒட்டிய இடத்தில் சுரண்டலாம். பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் பச்சை அகப்பட்டுவிடும். கறிவேப்பிலை, தோடையும் எலுமிச்சையும் சேர்ந்த குடும்பத்து மரம். வெளிச்சமும் சூடும் குறைந்தால் இலைகளை உதிர்த்துவிட்டு, தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்த மாப்பொருளில் காலத்தைக் கடத்தும். ஏப்ரலில் அந்த வெறும் தடியின் கணுவிலிருந்து கடுகளவு பச்சை முட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு எந்தச் செடியையும் அவசரப்பட்டுக் குப்பைக்குள் போடமாட்டார்கள்.

இலை கொட்டியதற்குக் குளிரைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் எப்போதும் 20 பாகை செல்சியஸ் இருக்கிறதே? செடிக்கு வந்தது வெளிச்சப் பஞ்சம். டிசம்பர் 21ஆம் திகதி நண்பகலில் ரொறன்ரோவின் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. அதே நாளில் யாழ்ப்பாணத்தில் 57 பாகை. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ரொறன்ரோவில் அது ஆறரை மணி நேரம். அங்கே டிசம்பர்க் கடைசியில் பகல் ஒன்பது மணி நேரம்கூட நீடிப்பதில்லை. அதிலும் பாதி நாட்கள் மேகம் மூடியவை.

இந்தப் பஞ்சம் நம் கண்ணுக்குத் தெரியாது. இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால், அறையின் நடுவிலும் "நல்ல வெளிச்சம்" என்றே சொல்வோம். கைப்பேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தால் உண்மை தெரியும். கோடை நண்பகல் வெயிலில் ஏறத்தாழ 100,000 லக்ஸ். மேகம் மூடிய குளிர்காலப் பகலில் வெளியே நின்றால் சில ஆயிரம். யன்னலிலிருந்து இரண்டு மீற்றர் உள்ளே, சோபாவுக்குப் பக்கத்தில், சில நூறு. நமக்கு வாசிக்கப் போதுமான அந்த ஒளியில் கறிவேப்பிலை தன் இலைகளுக்கான செலவைக்கூட ஈடுகட்ட முடியாது. சூரியன் தாழ்ந்து போவதில் ஒரு நன்மையும் உண்டு. தெற்குப் பார்த்த யன்னலில், வானம் வெளித்த நாட்களில், கோடையில் எட்டாத தூரம் வரை வெயில் அறைக்குள் நீண்டு விழும். கறிவேப்பிலைச் சாடியை அந்த யன்னலில், கண்ணாடியை முட்டாத அளவுக்கு நெருக்கி வைப்பதுதான் குளிர்காலத்தில் அதற்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

இரண்டாவது உதவி, தண்ணீரைக் குறைப்பது. வெளிச்சம் குறைந்தால் ஒளித்தொகுப்பு குறையும், இலைத்துளைகள் வழியே நீர் வெளியேறுவதும் குறையும். கோடையில் இரண்டு நாளில் காய்ந்த மண் இப்போது இரண்டு வாரம் ஈரமாகவே கிடக்கும். மண்ணின் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நின்றால் வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது. வேர் அழுகும், அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, இலை வாடி மஞ்சளாகும். நாமோ வாட்டத்தைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஒரு கோப்பை ஊற்றுவோம். குளிர்காலத்தில் சாகிற சாடிச் செடிகளில் பெரும்பகுதி இப்படி வேர் மூச்சுமுட்டித்தான் சாகிறது. விரலை இரண்டாம் மூட்டு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டும்.

காற்று வறள்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வெளியே -10 பாகையில் உள்ள ஒரு கன மீற்றர்க் காற்று, முழு ஈரத்தோடு இருந்தால்கூட, 2 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவியைத் தாங்கும். அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து 20 பாகைக்குச் சூடாக்கினால் அதற்கு 17 கிராம் வரை தாங்கும் கொள்ளளவு வந்துவிடும், ஆனால் உள்ளே இருப்பது அந்த 2 கிராம்தான். ஈரப்பதன் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. சமையலும் குளியலும் நம் மூச்சும் அதைக் கொஞ்சம் உயர்த்திவைக்கின்றன. இருந்தாலும், மழைக்காட்டுச் செடி ஒன்றுக்கு இது பாலைவனம். செஞ்சிலந்திப் பேன்கள் பெருகுவதும் இப்போதுதான். இலையின் அடிப்பக்கத்தில் நூலாம்படை தெரிந்தால் குளியலறைக்குக் கொண்டுபோய் நன்றாகக் கழுவிவிடலாம்.

இத்தனை இல்லாமையிலும் சில செடிகள் சோபாவுக்குப் பக்கத்திலேயே தளதளவென்று நிற்கின்றனவே, எப்படி? மணி பிளான்ட், மான்ஸ்டெரா, பீஸ் லில்லி எல்லாம் வெப்பமண்டலக் காட்டின் அடித்தளத்தில் வாழப் பழகியவை. அந்தக் காட்டில் மேலே விழும் ஒளியில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் தரைக்கு வந்து சேரும். நம் வரவேற்பறையின் மங்கல் அவற்றுக்குப் புதிதல்ல. மணி பிளான்ட்டின் சொந்த ஊர் பசிபிக் கடலின் நடுவில், தாஹித்திக்குப் பக்கத்தில் உள்ள மோரியா தீவு. இன்று உலகம் முழுவதும் வீடுகளில் தொங்கும் இந்தக் கொடி பூத்ததைப் பார்த்தவர் அநேகமாக எவரும் இல்லை. கிபரலின் என்னும் வளர்ச்சி ஹோர்மோனை ஆக்கும் மரபணு ஒன்று அதில் சரியாக இயங்காததுதான் காரணம் என்று 2016இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த ஹோர்மோனை வெளியிலிருந்து தெளித்தபோது கொடி பூத்தது. ஒரு கணுவை வெட்டி நீரில் வைத்தால் வேர்விட்டுவிடுகிற செடி, பூவும் விதையும் இல்லாமலே உலகத்தைச் சுற்றி வந்திருக்கிறது.

மான்ஸ்டெராவிடம் இதைவிடப் பெரிய வியப்பு உண்டு. விதையிலிருந்து முளைக்கும் செடி வெளிச்சத்தைத் தேடிப் போகும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் மான்ஸ்டெரா இனம் ஒன்றின் நாற்றுகள் இருட்டைத் தேடிப் போகின்றன என்று 1975இல் டொனால்ட் ஸ்ட்ரோங், தோமஸ் ரே என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். காட்டுத் தரையில் முளைக்கும் நாற்றுக்கு, சுற்றிலும் மிகவும் இருண்டு தெரியும் திசை எது? அருகில் நிற்கும் பெருமரத்தின் அடி. அந்தத் திசையில் தரையோடு ஊர்ந்துபோய் மரத்தைத் தொட்டதும், கொடி தன் விருப்பத்தை மாற்றிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கி மேலே ஏறத் தொடங்கும். கண் இல்லாத ஒன்று, தான் பற்றி ஏற வேண்டிய மரத்தை நிழலை வைத்து அடையாளம் காண்கிறது. இதை அறிந்தபின், யன்னலோரத்துச் சாடிகளை அலங்காரப் பொருளாக மட்டும் பார்க்க என்னால் முடியவில்லை.

இந்தக் காட்டுச் செடிகள் குளிர்நாட்டு வீடுகளுக்குள் வந்து சேர்ந்த வரலாற்றில் ஒரு போத்தல் வருகிறது. 1829இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்த நதானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்று பூச்சியாகி வெளிவருவதைப் பார்ப்பதற்காக அதை ஈரமண்ணோடு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடிவைத்தார். அந்த மண்ணிலிருந்து ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. நிலக்கரிப் புகை படிந்து அவருடைய தோட்டத்துப் பன்னங்கள் எல்லாம் முன்பே செத்துப்போயிருந்தன. மூடிய போத்தலுக்குள்ளோ ஒன்று பசுமையாக நிற்கிறது. பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் படியும், இரவில் வழிந்து மண்ணுக்கே திரும்பும். புகை உள்ளே வராது. வார்ட் இதையே பெரிய கண்ணாடிப் பெட்டியாகச் செய்து, 1833இல் இரண்டு பெட்டிகளில் செடிகளை நிரப்பிச் சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான பயணத்துக்குப் பிறகும் அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பு உப்புக்காற்றிலும் நன்னீர்த் தட்டுப்பாட்டிலும் கப்பல் தளத்துச் செடிகளில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துவிடும்.

பணக்கார வீடுகளின் வரவேற்பறைக்குப் பன்னங்களைக் கொண்டுவந்த அந்தப் பெட்டி, பேரரசின் கருவியும் ஆயிற்று. சீனத்துத் தேயிலைச் செடிகள் 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில்தான் இமயமலை அடிவாரத்துக்குப் போயின. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ரப்பர் விதைகளில் முளைத்த ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் அதே வகைப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து இறங்கின. பிறகு மலாயாவுக்கும் ரப்பர் போனது. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் கதையில், ஒரு மருத்துவரின் மூடிய போத்தலுக்கும் இடம் இருக்கிறது. இன்று அழகுக்காகக் கண்ணாடிக் குடுவைக்குள் செடி வளர்க்கிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

வீட்டுச் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடலாம். நாஸா 1989இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவிய பேச்சு அது. அந்தச் சோதனைகள் சிறிய, மூடிய கூடுகளுக்குள் செய்யப்பட்டவை. பல பதிற்றாண்டுகளின் சோதனைகளை ஒன்றாக வைத்துக் கணக்கிட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, சாதாரண வீட்டில் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீற்றருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வேண்டும் என்று முடிவுகட்டியது. செடி வளர்க்க இந்தச் சாக்கு நமக்குத் தேவையும் இல்லை.

யன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவை வேறு வகை. உள்ளே இருப்பவற்றைக் குளிரிலிருந்து காப்பாற்றப் பாடுபடுகிறோம். வெளியே இருப்பவற்றுக்கோ குளிர் கிடைக்காவிட்டால் வாழ்வே இல்லை. வெப்பநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இதுதான் மனதில் பதிய நாட்பட்ட பாடம். குளிர்காலம் என்றால் செடிகள் வெறுமனே பொறுத்துக்கொண்டு கிடக்கும் காலம் என்று நினைக்கிறோம். உண்மையில் அவை அந்த நேரத்தில் எண்ணிக்கொண்டிருக்கின்றன.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ரொறன்ரோவில் வசந்தத்தில் இலை வருமுன் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் ஃபோர்சித்தியாப் புதர் எந்தத் தெருவிலும் இருக்கும். இலை உதிர்ந்த கையோடு ஒரு கிளையை வெட்டி வீட்டுக்குள் தண்ணீரில் வைத்தால் ஒன்றும் நடக்காது. மொட்டுகள் அப்போதே முழுதாக இருக்கின்றன, வீட்டில் சூடும் இருக்கிறது, ஆனாலும் திறவா. அதே புதரில் பெப்ரவரியில் வெட்டிய கிளை ஒன்றிரண்டு வாரத்தில் சமையலறை மேசையில் பூத்துவிடும். இடைப்பட்ட குளிர், மொட்டுக்குள் எதையோ மாற்றியிருக்கிறது. என்ன அது? அஸ்பென் மரங்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விடை கண்டார்கள். செடியின் கலங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது, கலச்சுவரைத் துளைத்துச் செல்லும் மிக நுண்ணிய கால்வாய்கள் வழியாக. இலையுதிர் காலத்தில் பகல் குறையும்போது, மொட்டின் நுனியில் உள்ள கலங்கள் கலோஸ் என்ற பொருளால் இந்தக் கால்வாய்களை அடைத்துவிடுகின்றன. வளரச் சொல்லும் எந்தச் செய்தியும் உள்ளே போகாது. டிசம்பரில் தப்பித்தவறி நான்கு நாள் வெயில் எறித்தால்கூட மொட்டு ஏமாறாது. வாரக்கணக்காகக் குளிர் நீடித்த பிறகே அடைப்பு கரைகிறது. ஜனவரி முடியுமுன் அந்த வேலை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மொட்டு காத்திருப்பது வெறும் சூட்டுக்காக.

பழத்தோட்டக்காரர்கள் இதை மணிக்கணக்கில் எழுதிவைக்கிறார்கள். பெரும்பாலான அப்பிள் வகைகளுக்கு 0 முதல் 7 பாகை வரையான குளிரில் ஏறத்தாழ 1,000 மணி நேரம் வேண்டும். கடும் உறைகுளிர் இந்தக் கணக்கில் அதிகம் சேராது. உறையாத குளிர்தான் கணக்கு.

எண்ணுவதற்கு மூளை வேண்டுமே? மூளையில்லாமல் செடி வாரங்களை எப்படி எண்ணுகிறது என்பதுதான் தாவர அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை. குளிர்காலத் தானியங்கள் குளிர் படாவிட்டால் கதிர்விடாது என்பதை ஜேர்மனியில் குஸ்தாவ் காஸ்னர் 1918இலேயே சோதனையில் காட்டிவிட்டார். குளிர் எங்கே பதிவாகிறது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் பல பதிற்றாண்டுகள் ஆயின. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் எஃப்.எல்.சி. என்று ஒரு மரபணு உண்டு. பூக்காதே என்று தடுப்பது அதன் வேலை. இங்கிலாந்தின் நோரிச் நகரில் உள்ள ஜோன் இன்ஸ் மையத்தில் கரோலின் டீனும் அவருடைய குழுவினரும் இந்த ஒரு மரபணுவைப் பல்லாண்டு ஆராய்ந்தார்கள். குளிரில் அது மெல்ல மெல்ல அடங்குவதுபோல் வெளியே தெரிந்தாலும், கலம் கலமாகப் பார்த்தபோது அங்கே பாதி அடக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. ஒரு கலத்தில் அந்த மரபணு ஒன்று முழுதாக இயங்குகிறது, அல்லது முழுதாகப் பூட்டப்பட்டிருக்கிறது. குளிர் நீளநீளப் பூட்டப்பட்ட கலங்களின் தொகை கூடுகிறது. இரண்டு வாரக் குளிரில் கொஞ்சக் கலங்கள், ஆறு வாரத்தில் நிறைய. அந்தத் தொகைதான் செடியின் நாட்குறிப்பு. வசந்தம் வந்து சூடேறியபின்னும், கலங்கள் பிரிந்து புதிய கலங்கள் உண்டானபின்னும், பூட்டு பூட்டாகவே இருக்கிறது. அடுத்த தலைமுறை விதை உருவாகும்போது மட்டும் எல்லாப் பூட்டும் திறக்கப்படுகிறது, ஏனென்றால் அந்த விதை தன் குளிர்காலத்தைத் தானே எண்ணியாக வேண்டும்.

நவம்பரில் கடையில் மலிவாகக் கிடைக்கும் தியூலிப் கிழங்கு ஒன்றைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வெங்காயத்தைப் போன்ற வெள்ளை அடுக்குகளின் நட்டநடுவில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிதாக, வரப்போகும் வசந்தத்தின் பூ முழுதாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆறு இதழ்களையும் ஆறு மகரந்தத் தாள்களையும் தனித்தனியே எண்ணலாம். கோடையில் கிழங்கு மண்ணுக்குள் சும்மா கிடந்ததாகத் தோன்றிய நேரத்தில் அந்தப் பூ கட்டி முடிக்கப்பட்டுவிட்டது. மிச்சம் இருப்பது தண்டு நீளுவது மட்டும். அதற்கு 12 முதல் 16 வாரக் குளிர் வேண்டும். மத்திய ஆசிய மலைகளில் பிறந்த செடிக்கு அதுதான் இயல்பு. சாடியில் வைத்து வீட்டுக்குள் பூக்கச் செய்ய விரும்பினால் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அந்த வாரங்களைக் கொடுக்கலாம். ஆனால் பக்கத்தில் அப்பிள் இருக்கக்கூடாது. அப்பிள் விடும் எதிலீன் வாயு அந்தப் பூவை உள்ளேயே கருக்கிவிடும்.

உள்ளியும் அப்படித்தான். ஒக்ரோபரில் ஒவ்வொரு பல்லாகப் பிரித்து மண்ணில் ஊன்ற வேண்டும். குளிர் பட்டால்தான் அடுத்த கோடையில் பல் பல்லாகப் பிரிந்த பூடு கிடைக்கும். வசந்தம் வரை பொறுத்து ஊன்றினால் பல உள்ளிகள் பிரியாத ஒற்றை உருண்டையாக வந்துவிடும். பனி கொட்டி மூடிவிட்டதே என்று உள்ளிக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. புதிய பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. முழங்கால் அளவு பனி மூடியிருந்தால், வெளியே -20 பாகை என்றாலும் மண் 0 பாகையை ஒட்டியே நிற்கும். பனியே இல்லாத கடுங்குளிர்தான் ஆபத்து.

செடிகள் எண்ணும் இன்னொன்று இரவு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இங்கே ஒரு தோட்டம் திட்டமிட முடியாது. ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதையைப் போட்டால் கொடி வேலி முழுக்கப் படர்ந்து, பார்க்கிறவர் கண்படும் அளவுக்குச் செழிக்கும். ஜூலையில் பூ இல்லை. ஓகஸ்டில் இல்லை. செப்டெம்பரில் பூச்சரம் நீட்டிப் பிஞ்சு பிடிக்கத் தொடங்கும்போது ஒக்ரோபர் உறைபனி வந்து ஒரே இரவில் முழுக்கொடியையும் கறுப்பாக்கிவிடும். மண் சரியில்லை, உரம் போதவில்லை, தேனீ வரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். காரணம் வானத்தில் இருக்கிறது.

இதே புதிரை நூறாண்டுக்கு முன்பு வாஷிங்டனுக்கு அருகில் இரண்டு ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். மேரிலண்ட் மம்மத் என்ற புகையிலை வகை கோடை முழுவதும் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தபோது சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்ட பிறகு, வைட்மன் கார்னரும் ஹரி அலார்டும் கோடை நடுவில் சில செடிகளை மாலையில் வேளைக்கே இருட்டுக் கொட்டிலுக்குள் தள்ளி, காலையில் நேரம் கழித்து வெளியே எடுத்தார்கள். பகல் குறுகியதாக நம்பவைக்கப்பட்ட அந்தச் செடிகள் பூத்தன. 1920இல் வெளியான அந்த ஆய்விலிருந்துதான் செடிகள் பகலின் நீளத்தை அறியும் என்பது நிலைபெற்றது. உண்மையில் அவை அளப்பது தொடர்ச்சியான இருட்டின் நீளத்தை என்பது பிறகு தெரியவந்தது. நள்ளிரவில் சில நிமிடம் விளக்கைப் போட்டாலே சில செடிகளின் கணக்குக் குழம்பிவிடும். கிறிஸ்மஸுக்கு விற்கும் பொயின்செற்றியாவை அடுத்த ஆண்டும் சிவக்கவைக்க விரும்புகிறவர்கள், ஒக்ரோபரிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் 14 மணி நேரம் அதை முழு இருட்டில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

ஊர் அவரைக்கு நீண்ட இரவு வேண்டும். வடக்கே 43 பாகையில் கோடை இரவு மிகக் குறுகியது. செப்டெம்பரில்தான் அதற்குப் போதிய இருட்டு வருகிறது. சிறகவரைக்கும் இதே சிக்கல். வெங்காயத்தில் கணக்கு மறுபக்கமாகத் திரும்பும். நம் நாட்டு வெங்காய வகைகள் 12 மணி நேரப் பகலிலேயே கிழங்கு கட்டத் தொடங்குபவை. ஒன்ராறியோவின் வசந்தத்தில் அந்தப் பகல் மார்ச்சிலேயே வந்துவிடுவதால், செடி இலைபோட்டு வளருமுன் கிழங்கு கட்டி, கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். இங்கே 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகலைக் கேட்கும் வகைகளைத்தான் வாங்க வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் இரவைப் பற்றிக் கவலைப்படாதவை. சூடு இருந்தால் போதும். ரொறன்ரோத் தோட்டங்களில் அவை வெற்றிபெறுவதற்கு இதுவே பாதிக் காரணம். எனவே ஜனவரியில் விதைப் பட்டியல்கள் வரும்போது படத்தின் அழகைவிட, பக்கத்தில் சிறிய எழுத்தில் உள்ள நாட்கணக்கையும் பகல்நீளக் குறிப்பையும் முதலில் வாசிக்க வேண்டும். அவரை வேண்டவே வேண்டும் என்றால், பகல்நீளத்தைப் பாராமல் பூக்கும் வகை என்று குறிப்பிட்டு விற்கும் விதையைத் தேடலாம்.

விதைகளிலும் குளிரை எண்ணுபவை உண்டு. மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு தின்னும் ஒரே உணவான மில்க்வீட் செடி நம் எருக்கின் உறவு. கிள்ளினால் அதே பால் வடியும், காய் வெடித்தால் அதே பட்டுப் பஞ்சு பறக்கும். ஒரு காலத்தில் களையாகப் பட்டியலிட்டிருந்த ஒன்ராறியோ மாகாணம் 2014இல் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன் விதை ஈரமான குளிரில் ஒரு மாதமாவது கிடந்தால்தான் நன்றாக முளைக்கும். ஒக்ரோபரில் விழுந்த விதை, அடுத்த வாரம் எறித்த வெயிலை நம்பி முளைத்தால் நவம்பரில் செத்துவிடும். அதனால் முளைவிடாமல் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தோடுதான் அது செடியைவிட்டுப் பிரிகிறது. ஈரக்குளிரில் அந்தத் தடை தளரும். ஜனவரியில் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் குறுக்கே வெட்டி, அடியில் துளையிட்டு, மண் நிரப்பி விதையைத் தூவி, திரும்ப மூடிப் பனிக்குள் வைத்துவிட்டால் போதும். மிச்சத்தை வானிலை பார்த்துக்கொள்ளும்.

மிளகாய்க்கும் பாகலுக்கும் இது நேர்மாறு. ரொறன்ரோவில் நாற்றை வெளியே நடுவதற்குப் பலரும் வைத்திருக்கும் கெடு விக்ரோறியா தினம், அதாவது மே 25க்கு முந்திய திங்கட்கிழமை. அதிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். மிளகாயும் கத்தரியும் 8 முதல் 10 வாரம் முன்பு, அதாவது மார்ச் நடுவில். தக்காளி 6 முதல் 8 வாரம். பாகலும் புடலும் வேரைத் தொந்தரவு செய்தால் தாங்காதவை என்பதால் ஏப்ரல் கடைசியில், பிறகு அப்படியே மண்ணில் இறக்கக்கூடிய காகிதக் கோப்பையில். மிளகாய் விதை முளைக்க மண் 25 முதல் 30 பாகை வரை சூடாக இருக்க வேண்டும். யன்னல் கட்டு குளிர்ந்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைப்பவர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். முளை தெரிந்த அன்றே அங்கிருந்து இறக்கி விளக்கின் கீழே, ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவர வேண்டும். தாமதித்தால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும்.

வீட்டுக்குள் வளரும் நாற்றுக்கு வெளிச்சத்தைப்போல இன்னொன்றும் குறைவு: காற்று. வெளியே பிறந்திருந்தால் முதல் நாளிலிருந்தே ஆடி அசைந்திருக்கும். மார்க் ஜாஃபி என்ற ஆய்வாளர் 1970களில் இதைச் சோதித்தார். அடிக்கடி தடவி உரசிய தண்டுகள் உயரம் குறைந்து, தடித்து, உறுதியாக வளர்ந்தன. தொடுகையைச் செடி உணர்ந்து, நீளுவதை நிறுத்திப் பருக்கிறது. காலையும் மாலையும் தக்காளி நாற்றுகளின் தலைகள்மேல் உள்ளங்கையை மெதுவாக இழுத்துவிட்டால் போதும். கையில் தக்காளி இலையின் காரமான மணம் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள்.

மே மாதத்தில் அவசரம் கூடாது. யன்னல் கண்ணாடி, வெயிலின் புறவூதாக் கதிர்களில் கடுமையானவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கண்ணாடிக்குப் பின்னால் விரிந்த இலைக்கு அவற்றைத் தாங்கும் காப்புப் பொருளும் தடித்த மேல்தோலும் இருக்காது. நேரே வெயிலில் வைத்தால் ஒரே நாளில் வெளுத்துக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, ஏழு முதல் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்க வேண்டும். நாற்றுகளுக்கு மட்டுமல்ல, ஆறு மாதம் உள்ளே நின்ற கறிவேப்பிலைக்கும் இதே பழக்கம் வேண்டும். அதன் புதுத் துளிர் நாற்றின் இலையைப்போலவே மெல்லியது. இரவு வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால், கையில் தூக்க முடிந்த சாடிகளை எல்லாம் அன்று மாலையே உள்ளே எடுத்துவிடுங்கள்.